நகக்கால் தொட்டியும் பழைய மரச்சாமானும்: டர்பன் குளியலறைக்குச் சில கணக்குகள்

தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரமான டர்பனில் கோடைக்காலத்தில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அப்படிப்பட்ட ஊரில், வெந்நீர்த் தொட்டி இருக்கும் அறைக்குள் எண்பது, நூறு வயதான மர அலமாரியைக் கொண்டுபோய் வைக்கலாமா? தாராளமாக வைக்கலாம். ஆனால் எங்கே வைத்தால் அழகு என்று பார்ப்பதற்கு முன், எங்கே வைத்தால் சீக்கிரம் உலரும் என்று பார்க்க வேண்டும். மேலே தெறிக்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். வெளியேற வழியில்லாமல் அறைக்குள் சுற்றும் நீராவியும், கால்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தேங்கும் ஈரமும்தான் மரத்தைக் கெடுப்பவை. கீழே வரும் அளவுகளும் வேலை வரிசையும் பெரும்பாலும் இந்த இரண்டையும் மனத்தில் வைத்தே சொல்லப்படுகின்றன.

தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கே பழைய சாமான் கடைகளில் பால் அண்ட் கிளா என்று சொல்லப்படும் மேசை, அலமாரி, அலங்கார மேசை எல்லாம் நிறையக் கிடைக்கின்றன. பறவையின் நகம் ஓர் உருண்டையைப் பற்றியிருப்பது போலக் கால் செதுக்கியிருப்பார்கள். சுவரில் ஒட்டாமல் நடுவே நிற்கும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கும் பெரும்பாலும் அதே நகக்கால்தான். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் சேர்ந்து நிற்கும். அதற்காக அறை முழுவதும் நகக்கால்களாக நிரப்பிவிடக் கூடாது. தொட்டி ஒன்று, கருநிறத்தில் பெரிய மரச்சாமான் ஒன்று, சின்னதாக ஒரு நாற்காலியோ முக்காலியோ ஒன்று. அதற்கு மேல் போனால் துடைக்கவும் உலரவும் இடம் இருக்காது. தொட்டியைச் சுற்றி மாப் நுழைய 150 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். ஏறி இறங்கும் பக்கத்தில் 700 மி.மீ. இருந்தால்தான் வசதி. மரச்சாமான் தொட்டியின் விளிம்பிலிருந்து குறைந்தது 900 மி.மீ. தள்ளி, முடிந்தால் ஜன்னல் இருக்கும் பக்கம் நிற்கட்டும். கைஷவர் வைத்திருந்தால் இந்தத் தூரத்தை இன்னும் கூட்டுங்கள்.

எந்த மரம்?

கையில் கியாட் மரச்சாமான் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். நம் ஊர் வேங்கைக்கும் செஞ்சந்தனத்துக்கும் நெருங்கிய உறவு இது. மூன்றும் ஒரே பேரினம். ஈரத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்குவது மிகக் குறைவு, பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. தேக்கும் அப்படியே. இம்பூயா பிரேசில் மரம். பால் அண்ட் கிளா சாமான்களில் அதிகம் காண்பது இதுதான். முழு மரமாக இருந்தால் குளியலறையைத் தாங்கும். ஆனால் பல அலமாரிகளில் பக்கப் பலகைகள் மெல்லிய மரத்தாள் ஒட்டியவை. டிராயரை வெளியே இழுத்துப் பலகையின் வெட்டுமுகத்தை, அதாவது ரேகைக்குக் குறுக்கே அறுத்த முனையைப் பாருங்கள். மேலே ஓடும் ரேகை வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் முழு மரம். அடுக்கடுக்காகவோ, மரத்தூளை அழுத்தியது போலவோ தெரிந்தால் அது குளியலறைக்கு வேண்டாம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சாமானில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வஜ்ஜிரப் பசை. தோலும் எலும்பும் காய்ச்சி எடுத்த அந்தப் பசை, சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகும். மரத்தாள் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். நீராவி அறையில் அது நடப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

தென்னாப்பிரிக்கக் காட்டு மரங்களான ஸ்டிங்க்வுட், யெல்லோவுட் இரண்டிலும் செய்த சாமான்களைப் பற்றி எங்கள் கருத்து கறாரானது. ஸ்டிங்க்வுட் மரம் காடுகளில் அருகிப்போய்ப் பாதுகாக்கப்பட்டது. பழைய சாமான்களுக்கு விலையும் அதிகம். அதில் வாஷ் பேசினுக்காகத் துளை போடுவது பாவம். அப்படி ஒன்று வீட்டில் இருந்தால் படுக்கையறையில் இருக்கட்டும். வெட்டி மாற்ற வேண்டுமென்றால், எண்ணிக்கையில் நிறைய இருக்கும், ஏற்கெனவே மேல்பலகை கெட்டுப்போன இம்பூயா அலமாரியைத் தேடி எடுங்கள்.

ஊர் மாற்றிக் கொண்டுவருவதிலும் கவனம் வேண்டும். டர்பன் காற்றில் பழகிய மரத்துக்குள் எடையில் சுமார் 15, 16 சதவீதம் ஈரம் இருக்கும். மேட்டு நிலத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கின் குளிர்காலத்தில் அது 7 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். 500 மி.மீ. அகலமுள்ள ஓக் பலகை இந்த மாற்றத்தில் 10 மி.மீ., சில வேளை அதற்கு மேலும் சுருங்கக்கூடும். அசைய இடமில்லாமல் ஆணியடித்திருந்தால் நடுவில் பிளக்கும். மேட்டு நிலத்திலிருந்து கடற்கரைக்கு வந்தால் நேர் எதிராக, டிராயர்கள் இறுகி நின்றுவிடும். எந்தப் பக்கம் கொண்டுவந்தாலும், குளியலறைக்குள் வைப்பதற்கு முன் வீட்டின் சாதாரண அறையில் ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள்.

தரை தாங்குமா?

1700 மி.மீ. நீளமுள்ள வார்ப்பிரும்புத் தொட்டியின் எடை ஏறக்குறைய 150 கிலோ. விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை நிரப்பினால் தண்ணீர் 200 கிலோ. ஓர் ஆள் 75 கிலோ என்று வைத்தால் மொத்தம் 425 கிலோ. தொட்டி அடைக்கும் இடம் சுமார் 1.3 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 330 கிலோ. வீட்டு அறைத் தளங்களுக்கு இங்கே வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் சுமை 1.5 கிலோபாஸ்கல், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. இரண்டு மடங்குக்கு மேல் போகிறோம் என்பதைக் கவனியுங்கள். (ஆள் உள்ளே இறங்கினால் கொஞ்சம் தண்ணீர் விளிம்புக்குக் கீழே உள்ள ஓவர்ஃப்ளோ துளை வழியாகப் போய்விடும், ஆனாலும் கணக்கை மேல் எல்லையில் வைப்பதே பாதுகாப்பு.)

கான்கிரீட் தரையென்றால் கவலை குறைவு. டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பழைய வீடுகள் பலவற்றில் தரை மரப்பலகை. அதற்குக் கீழே தாங்கு சட்டங்கள், அதற்கும் கீழே காற்றோட்ட இடைவெளி. அங்கே முதல் வேலை அடியில் புகுந்து பார்ப்பது. சட்டங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தையும், பழைய டாய்லெட்டைச் சுற்றியுள்ள இடத்தையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அந்தச் சட்டத்தை மாற்றாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். நல்ல நிலையில் இருந்தாலும், தொட்டி வரும் இடத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் பக்கத்தில் அதே அளவுச் சட்டம் இன்னொன்றைச் சேர்த்து போல்ட் போடுங்கள். சட்டங்களுக்கு இடையே குறுக்குக் கட்டைகள் அடித்து, மேலே 18 மி.மீ. மரைன் பிளைவுட் (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை) விரியுங்கள். தொட்டியின் நீளம் சட்டங்களுக்குக் குறுக்கே வரும்படி வைத்தால் சுமை பல சட்டங்களில் பகிரும். எவ்வளவு வலுவூட்ட வேண்டும் என்ற முடிவைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் விடுங்கள். அந்தச் செலவு ஒரு முறைதான்.

இன்னொன்று, 425 கிலோ முழுவதும் நான்கு கால்களில்தான் நிற்கிறது. ஒவ்வொரு காலும் ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் நூறு கிலோவுக்கு மேல் அழுத்துகிறது. டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் முழுதாகப் பரவாமல் ஓட்டை இருந்தால் அந்த டைல் வெடிக்கும். கால்கள் வரும் இடங்களில் மட்டுமாவது டைலைத் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருந்தால் டொக் டொக் என்று சத்தம் வேறுபடும். மரத்தரையில் கால்களுக்கு அடியில் 100 மி.மீ. சதுரத்தில் பித்தளைத் தகடோ கெட்டி மரத் துண்டோ வைத்தால் பலகை குழியாது.

வீடு 60 வயதைத் தாண்டியதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளச் சட்டப்படி, அப்படிப்பட்ட கட்டடத்தின் எந்தப் பகுதியையும் மாற்ற மாகாணப் பாரம்பரிய அமைப்பின் அனுமதி வேண்டும். டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்த அமைப்பின் பெயர் அமாஃபா. சுவரை உடைத்துக் குழாய் இறக்குவதற்கு முன் விசாரிப்பது நல்லது.

பழைய தொட்டியை வாங்கும்போது

காந்தம் ஒட்டினால் இரும்பு. தட்டினால் கனத்த, மங்கிய ஒலி வந்து சட்டென்று அடங்கினால் வார்ப்பிரும்பு, தகரம் போல் கணீரென்று ஒலித்தால் மெல்லிய உருக்குத் தகடு. எனாமலில் தண்ணீர் கறையைப் பொருட்படுத்த வேண்டாம். கருப்பு இரும்பு தெரியும் அளவுக்குப் பெயர்ந்திருந்தால் விலையில் குறைத்துப் பேசுங்கள். அந்த இடத்தில் துரு எனாமலுக்கு அடியில் பரவும்.

“மறுபடி எனாமல் போட்டுத் தருகிறோம்” என்று சொல்பவர்கள் செய்வது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அசல் எனாமல் என்பது 800 டிகிரியை ஒட்டிய சூட்டில் இரும்போடு உருக்கி ஒட்டிய கண்ணாடி. வீட்டுக்கு வந்து போடுவது இரண்டு கலவைகள் சேர்த்துத் தெளிக்கும் பெயின்ட். நன்றாகச் செய்தால் பல வருடம் நிற்கும். பழைய சிலிகான் துளியளவு மிச்சம் இருந்தாலும், மேற்பரப்பை அமிலம் கொண்டு சொரசொரப்பாக்காமல் விட்டாலும், தாள் தாளாக உரியும். அப்படிச் செய்த தொட்டியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் விரிப்பு போடவே கூடாது. விரிப்பை எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். தேய்க்கும் பவுடரும் ஆகாது.

கால்கள் நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வார்ப்பாலையும் தன் தொட்டிக்குத் தனி வடிவில் கால் பொருத்தியது. ஒன்று குறைந்தால் இன்னொரு தொட்டியின் கால் அநேகமாக உட்காராது. இருக்கும் காலை மாதிரியாக வைத்து நான்காவதை வார்க்கலாம். ஆனால் இரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. காலில் அது ஒன்றரை மி.மீ.; தொட்டி ஆட அதுவே போதும். வார்ப்பவரிடம் இதைச் சொல்லி, தொடும் இடங்களில் கொஞ்சம் கூட்டி வார்த்து அரத்தால் தேய்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தொட்டியின் வெளிப்பக்கப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. ரசாயனப் பசை தடவி உரித்து, அல்லது தண்ணீர் விட்டு நனைத்துத் தேய்த்து, கழிவைத் தனியாகக் கட்டிப் போடுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது கண்டிப்பு. பிறகு எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, துத்தநாக பாஸ்பேட் பிரைமர் இரண்டு கை, மேலே எனாமல் பெயின்ட் இரண்டு கை. அடிப்பக்கத்தையும் விடாதீர்கள். கடல் காற்று முதலில் பிடிப்பது யாரும் பார்க்காத அந்த அடிப்பக்கத்தைத்தான்.

குழாயும் கீசரும்

பழைய தொட்டிகளின் குழாய்த் துளைகள் இன்றைய மிக்ஸரின் இடைவெளியோடு பொருந்துவது அரிது. தொட்டியைத் துளைப்பதைவிடச் சுவரிலோ தரையிலிருந்து எழும் தண்டிலோ குழாய் வைப்பது மேல். தரையிலிருந்து எழுவதென்றால் தண்டின் அடித்தகட்டைத் தாங்கு சட்டத்தோடு பிணைத்த கட்டையில் திருகுங்கள். பலகையில் மட்டும் திருகினால் நாளாவட்டத்தில் ஆடி, இணைப்பு கசியும்.

கழிவுக்குழாய் 40 மி.மீ.; சரிவு 1:40 இருக்கட்டும். தொட்டிக்கு அடியில் இடம் குறைவாக இருந்தால் ஆழம் குறைந்த டிராப் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவுக் குழாய்) போட வேண்டிவரும். அது சீக்கிரம் அடைக்கும் என்பதால் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மரத்தரைக்கு அடியில் வைத்தால் திறக்கக்கூடிய பலகை ஒன்று விடுங்கள். தொட்டியை நிறுத்தும்போது ரசமட்டத்தை விளிம்பில் வைத்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் வடியும் சரிவு வார்ப்பிலேயே இருக்கிறது, நீங்கள் சாய்க்கத் தேவையில்லை. எல்லாம் பொருத்தியதும் ஓவர்ஃப்ளோ வரை நிரப்பி, இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ பேப்பர் கட்டி, ஓர் இரவு விட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். நிரம்பி நிற்கும்போது கசியாதது, வேகமாக வடியும்போது கசியலாம். மரச்சாமானை உள்ளே கொண்டுவருவது இந்தச் சோதனைக்குப் பிறகுதான்.

வெந்நீர்க் கணக்கு: கீசர் 60 டிகிரி, குழாய்த் தண்ணீர் 20 டிகிரி என்றால், 40 டிகிரித் தண்ணீருக்குப் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும். 150 லிட்டர் நிரப்ப 75 லிட்டர் கீசரிலிருந்து போகும். வழக்கமான 150 லிட்டர் கீசர் தாங்கும். 100 லிட்டர் கீசரென்றால் அடுத்தவருக்குப் பச்சைத்தண்ணீர்தான். வார்ப்பிரும்பு தானும் சூடாக வேண்டும். 150 கிலோ இரும்பு அறைச்சூட்டிலிருந்து ஏறுவதற்குள் தண்ணீர் 2 டிகிரி இறங்கிவிடும். அதன்பின் இரும்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது நல்ல பக்கம். தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் மறக்கக் கூடாது. 2018இல் கேப் டவுனில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தார்கள். ஒரு தொட்டிக் குளியல் அதில் மூன்று நாள் பங்கு. கழிவுக்குழாயில் மூவழி வால்வு ஒன்று வைத்து, சோப்பு குறைந்த குளியல் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்பிவிடலாம்.

நீராவியை வெளியே அனுப்புவது

முழுவதையும் காப்பது இதுதான், செலவும் இதில்தான் குறைவு. 3 மீட்டருக்கு 2.5 மீட்டர் அறை, கூரை 3 மீட்டர் உயரம் என்றால் காற்று 22.5 கன மீட்டர். மணிக்கு 10 முறை அந்தக் காற்று மாற வேண்டும். ஆக 225 கன மீட்டர் இழுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் தேவை. கடைகளில் கிடைக்கும் 100 மி.மீ. ஃபேன்கள் பெரும்பாலும் இதில் பாதியைக்கூட எட்டாது, 150 மி.மீ. வாங்குங்கள். குழாய் வழியாக வெளிச்சுவருக்கோ கூரைக்கு மேலோ போக வேண்டும். கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே ஊதிவிட்டால் அங்கே ஈரம் சேர்ந்து, பழைய அச்சுத்தகட்டு சீலிங் மேலிருந்தே துருப்பிடிக்கும். குளித்து முடித்த பின்னும் 20 நிமிடம் ஓடும் டைமர் அவசியம். கதவுக்கு அடியில் 10 மி.மீ. சந்து விடுங்கள், உள்ளே காற்று வராமல் ஃபேன் எதை இழுக்கும்? மின்வேலையைப் பதிவுபெற்ற எலக்ட்ரீஷியன் செய்து சான்றிதழ் தர வேண்டும். பழைய மேசை விளக்கைத் தொட்டிப் பக்கம் வைக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

தொட்டியில் முதலில் பச்சைத்தண்ணீரைக் கொஞ்சம் விட்டு, அதன்மேல் வெந்நீரைத் திறந்தால் எழும் ஆவி வெகுவாகக் குறையும். குழந்தைகளுக்கும் அதுவே பாதுகாப்பு.

மரச்சாமானின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் இடையே 25 மி.மீ. இடம் விடுங்கள். ஒட்டி வைத்தால் பின்பலகையில் பூஞ்சை கருக்கும், நாற்றம் வந்த பிறகுதான் தெரியும்.

கால், பாலிஷ், மேல்பலகை

மரம் தண்ணீரை உறிஞ்சுவது பெரும்பாலும் வெட்டுமுகத்தின் வழியாக. காலின் அடிப்பக்கம் முழுவதும் வெட்டுமுகம்தான். பழைய சமையலறை சேஃப்களை, அதாவது உணவு வைக்கும் அலமாரிகளை, எறும்புக்காகத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். அவற்றின் கால் நுனி மிருதுவாகிப்போயிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். உளுத்த பகுதியை வெட்டி அதே மரத்தில் ஒட்டுப் போட வேண்டும். பிறகு சாமானைக் கவிழ்த்து, மெல்லிய எபாக்ஸிப் பிசினைக் கால் அடியில் தடவுங்கள். உறிஞ்ச உறிஞ்ச மூன்று முறை. அது இறுகியதும் 8 மி.மீ. உயர நைலான் குமிழோ பித்தளைக் குமிழோ அடித்தால் கால் தரையைத் தொடாது. அந்த 8 மி.மீ. இடைவெளியில் காற்று புகுந்து தரையை உலர்த்திவிடும்.

பழைய பாலிஷ் எது என்று தெரிந்துகொள்ள, மறைவான இடத்தில் பஞ்சில் மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்கில் செய்த ஷெல்லாக் பாலிஷ். தண்ணீர் நின்றால் வெள்ளையாகப் பூக்கும். வாசனைத் திரவியத்தில் உள்ள ஆல்கஹால் பட்டால் கரையும். ஆனாலும் முழுவதையும் உரித்துவிட்டு பாலியூரித்தேன் வார்னிஷ் அடிக்காதீர்கள். நூறு வருடத்து நிறம் ஒரு மதியத்தில் போய்விடும், திரும்ப வராது. பக்கங்களிலும் முன்புறத்திலும் ஷெல்லாக் அப்படியே இருக்கட்டும், வருடம் இரண்டு முறை மெழுகு தேய்த்தால் போதும். தண்ணீர் விழும் மேல்பலகையை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இரும்புக் கம்பிப் பஞ்சு எந்த வேலைக்கும் வேண்டாம். ஓக் போன்ற மரத்தில் அதன் துகள் ஈரம் பட்டு, மரத்தில் உள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கரும்புள்ளியாகிவிடும்.

மேல்பலகைக்குச் சிறந்த தீர்வு பளிங்கு. குழாய் வருவதற்கு முந்தைய காலத்து வாஷ்ஸ்டாண்டுகளில் பளிங்கு மேல்தளம் இருந்ததற்குக் காரணமே தண்ணீர்தான். அப்படி ஒன்று கிடைத்தால் எதையும் மாற்றாமல் வைக்கலாம். புதிதாக வெட்டினால் 1 மீட்டர் நீளம், 500 மி.மீ. அகலம், 20 மி.மீ. தடிமன் பளிங்கு 27 கிலோ வரும். நாலைந்து துளி சிலிகான் மேல் உட்கார வையுங்கள், முழுவதும் ஒட்டாதீர்கள். அடியில் மரம் விரிந்து சுருங்க இடம் வேண்டும்.

அலமாரியை வாஷ் பேசின் மேசையாக்கும்போது உயரம்தான் பலருக்கும் தவறுகிறது. கை கழுவும் விளிம்பு தரையிலிருந்து 850 முதல் 900 மி.மீ. வரை இருந்தால் வசதி. மேலே உட்காரும் பேசின் 130 மி.மீ., பளிங்கு 20 மி.மீ. என்றால் அலமாரி 700 முதல் 750 மி.மீ. உயரத்தில்தான் இருக்க வேண்டும். 900 மி.மீ. அலமாரியின் மேல் கிண்ணப் பேசின் வைத்தால் முழங்கை வழியாகத் தண்ணீர் வடியும். மேல் டிராயரின் பின்பாதியை ப வடிவில் வெட்டி, டிராப் நுழைய வழி செய்து, வெட்டிய விளிம்புக்குப் புதுப் பலகை அடைத்தால் டிராயர் தொடர்ந்து பயன்படும். வெட்டிய துண்டுகளைப் பெயர் எழுதி உள்ளேயே வைத்துவிடுங்கள், பின்னால் ஒருவர் பழையபடி ஆக்க நினைக்கலாம். மேல்பலகைத் துளையின் உள்விளிம்புக்கும் எபாக்ஸி தடவ மறக்க வேண்டாம். அதுவும் வெட்டுமுகம்தான்.

மஞ்சள், சீயக்காய், நல்லெண்ணெய், புளி

நம் வீடுகளில் தனியாகப் பார்க்க வேண்டியவை இவை. பளிங்கு சுண்ணாம்புக் கல்லிலிருந்து உருவானது. புளிப்பு எது பட்டாலும் மினுக்கம் போய் மங்கலாக அரிக்கும். எலுமிச்சை, வினிகர், புளி எல்லாம் அதில் சேரும், சீயக்காயும் புளிப்புத்தன்மை உடையதுதான். பித்தளைக் குழாயையும் சொம்பையும் புளி போட்டுத் தேய்ப்பதென்றால் பளிங்கிலிருந்து தள்ளி, வாளியில் வைத்துத் தேயுங்கள். கல்லுக்குள் ஊறும் சீலர் வருடம் ஒருமுறை பூசலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து 10 நிமிடம் கழித்துத் துடைக்க, கல் கறுத்திருந்தால் மறுபடி பூசும் நேரம் வந்துவிட்டது. கறை ஊறுவதைத்தான் சீலர் தாமதப்படுத்தும், அரிப்பைத் தடுக்காது.

மஞ்சள் கறை அசல் எனாமலில் ஒட்டாது. மேலே பெயின்ட் தெளித்த தொட்டியிலும் அக்ரிலிக் தொட்டியிலும் பிடிக்கும். வெயில் படும் இடமென்றால் சில நாளில் மங்கும். எண்ணெய்க் குளியலுக்கு நேராகத் தொட்டியில் இறங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விளிம்பு 600 மி.மீ. உயரம், பிடிக்கப் பக்கத்தில் சுவர் கிடையாது, பாதம் முழுக்க நல்லெண்ணெய். பெரியவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். ஷவர் பக்கம் மணையில் உட்கார்ந்து எண்ணெயைச் சீயக்காயால் போக்கிவிட்டு, அதன்பிறகு தொட்டியில் ஊறட்டும். எண்ணெயும் சீயக்காய்த் தூளும் முடியும் சேர்ந்தால் டிராப்பில் களிம்பாக நிற்கும். அங்கே கம்பிவலை வைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாத்திரம் கழுவும் சோப்பும் சூடான தண்ணீரும் ஊற்றுங்கள்.

பழைய கண்ணாடிக்கு ஒரு வரி: பின்பக்க ரசப்பூச்சு ஓரத்திலிருந்துதான் கறுக்கும். ஓரங்களுக்கு நிறமற்ற வார்னிஷ் பூசி, சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளித் தொங்கவிடுங்கள். அமோனியா கலந்த கிளீனரைத் தெளிக்காமல் துணியை நனைத்துத் துடையுங்கள்.

வண்டும் பருவமும்

கடற்கரை மாகாணங்களில் வீடு விற்கும்போது மரத்தில் வண்டு இல்லை என்று காட்டும் வண்டுச் சான்றிதழ் கேட்பது வழக்கம், காரணம் இல்லாமல் இல்லை. பழைய சாமான் வாங்கியதும் வெள்ளைத் தாள் விரித்து அதன்மேல் நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் கவனியுங்கள். தாளில் மாவு உதிர்ந்தால் உள்ளே புழு வேலை செய்கிறது. ஒன்று இரண்டு மி.மீ. வட்டத் துளை என்றால் மரச்சாமானைத் தின்னும் சின்ன வண்டு. பைன் மரத்தில் நீள்வட்டமாக 5 மி.மீ.க்கு மேல் துளை இருந்தால் அது இங்கே இத்தாலிய வண்டு எனப்படும் வகையாக இருக்கலாம். அது வீட்டின் கூரைச் சட்டத்துக்கும் பரவும். உடனே பூச்சிக்கட்டுப்பாட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். சின்ன முக்காலி, டிராயர் போன்றவற்றை பிளாஸ்டிக்கில் காற்றுப்புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தாலே புழு செத்துவிடும். ஈரமான மரம் இந்தப் பூச்சிகளுக்கு இன்னும் வசதி என்பதால், குளியலறைக்குப் போகும் சாமானில் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஜனவரி, பிப்ரவரியில் டிராயர் இறுகினால் இழைப்புளியை எடுக்காதீர்கள். ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் சமாளியுங்கள். ஜூலையில் காற்று உலர்ந்த பிறகும் அது இறுக்கமாகவே இருந்தால் மட்டும், பளபளவென்று தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து அங்கே அரை மி.மீ. இழையுங்கள். கோடையில் இழைத்த டிராயர் குளிர்காலத்தில் லொடலொடவென்று ஆடும். இழைத்த இடத்தில் ஷெல்லாக் ஒரு கை பூசிவிட்டு உள்ளே தள்ளுங்கள்.